மன்னார்க் கரையில் வாளும் கோலும்

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைக் கடந்து செல்வோர் தீவின் வாயிலிலே முதலிற் காண்பது ஒரு பழங்கோட்டையாகும். 1560 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அதனை அமைத்தனர். 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். சதுர வடிவான அக்கோட்டையின் நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் உள்ளன. அவற்றுட் சில கடலை நோக்குகின்றன. சில ஊரை நோக்குகின்றன. கடலை நோக்கிய பீரங்கி அந்நியப் பகைவனுக்காக வைக்கப்பட்டது. ஊரை நோக்கிய பீரங்கி எவருக்காக வைக்கப்பட்டது? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு உலக நாடுகள் பல நூற்றாண்டுகளைச் செலவிட்டுள்ளன. மன்னார்க் கரையும் தன் பங்குக்குப் பெருவிலை கொடுத்துள்ளது.

திருவள்ளுவர் செங்கோன்மையை 55 ஆம் அதிகாரத்திலும், படைமாட்சியை 77 ஆம் அதிகாரத்திலும் வைத்தார். குடிகளுக்கு நீதி வழங்கும் கோல் வேறு. பகைவரை எதிர்க்கும் வாள் வேறு. இரண்டும் அரசுக்கு உரியனவே. ஆயினும் ஒன்று செய்யவேண்டிய பணியை மற்றொன்று செய்யப் புகுந்தால் இரண்டுமே தம் இயல்பை இழந்துவிடும்.

படைவீரனுக்கும் பொலிஸ்காரனுக்கும் உள்ள வேறுபாடு அணிந்துள்ள உடையில் மாத்திரம் இல்லை. படைவீரன் பயில்வது எதிரியை வெல்லும் கலை. அவன் ஆணையை ஏற்பான், குழுவாக இயங்குவான், தன் முன் நிற்பவனைப் பகைவனாகக் கொள்வான். போர்க்களத்தில் இவை யாவும் குணங்களே. பொலிஸ்காரனுக்கோ பகைவன் என ஒருவன் இல்லை. குற்றஞ் சாட்டப்பட்டவனும் அவனுடைய பாதுகாப்புக்கு உரிய குடிமகனே. அவன் கேட்டறிய வேண்டும். சான்று தேட வேண்டும். பிடித்தவனை நீதவான் முன் நிறுத்தித் தான் செய்ததற்குக் காரணங் கூற வேண்டும். படைவீரனின் பணி வெற்றியோடு முடிகின்றது. பொலிஸ்காரனின் பணி நீதிமன்றத்தில் முடிகின்றது. படைக்கு எல்லை வேண்டும் என்று சொல்வது படையை இகழ்வதாகாது. படைக்கு உரிய பெருமையை அதற்கு உரிய இடத்தில் வைத்துப் போற்றுவதேயாகும்.

இவ்வெல்லையைச் சட்டமாக எழுதிய நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒன்று. அரசியல் யாப்போ காங்கிரசின் சட்டமோ வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, உள்நாட்டுச் சட்டத்தைச் செயற்படுத்த இராணுவத்தைப் பயன்படுத்தலாகாது என 1878 ஆம் ஆண்டில் அங்கு விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொடுத்த குற்றவியல் நடவடிக்கைக் கோவைகள் வேறொரு முறையைக் கொண்டன. சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தை முதலில் சிவில் அதிகாரிகள் கலைக்க முயல வேண்டும். அஃது இயலாதபோது மாத்திரம் படை அழைக்கப்படலாம். அழைக்கப்பட்ட படையும் கூட்டத்தைக் கலைப்பதற்கு எவ்வளவு வலிமை போதுமோ அவ்வளவையே பயன்படுத்த வேண்டும்.

இவ்விதி ஏட்டில் இருந்தபோதும் 1919 ஏப்ரல் 13 ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. கூட்டத்தைக் கலைப்பதற்காக மாத்திரம் தாம் சுடவில்லை, மக்கள் மனத்தில் ஓர் அச்சத்தைப் பதிப்பதற்காகவே சுட்டதாக ஜெனரல் டயர் பின்னர் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஆயுதமற்ற குடிகளைப் பகைப்படையாகக் கண்ட கண்ணின் பிழை அது.

இலங்கை இப்பாடத்தை நான்கு ஆண்டுகள் முன்னரே படித்திருந்தது. 1915 மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலகம் பல மாகாணங்களுக்குப் பரவியது. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவர்களைக் காப்பது அரசின் கடமையாயிருந்தது, அதில் ஐயமில்லை. தேசாதிபதி சேர் ரொபர்ட் சால்மர்ஸ் யூன் 2 ஆம் நாள் படைத்துறைச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் அடங்கிற்று; படைத்துறைச் சட்டமோ ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. சிவில் நீதிமன்றங்கள் இயங்கக்கூடிய நிலையில் இருந்தும் குடிமக்கள் இராணுவ நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டனர். எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் அவ்வாறு விசாரிக்கப்பட்டு யூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இவ்வநீதியை எடுத்துரைத்தார். உலகப் போரின் நடுவே கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். அடுத்த ஆண்டில் அப்பேச்சுக்களை நூலாகவும் வெளியிட்டார். அவர் வாதத்தின் சாரம் எளியது: கலகத்தை அடக்கப் படையை அழைத்தது ஒன்று, கலகம் அடங்கிய பின்னரும் படையை நீதிபதியாக வைத்திருந்தது வேறொன்று.

இனி மன்னார்க் கரைக்கு வருவோம். இக்கரை படையின்றி ஆளப்பட இயலாத கரையா? வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், வெறும் மணற்பரப்பிலே சில கிழமைகளுக்குள் ஒரு நகரம் எழுந்துவிடும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும், மலையாளத்திலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகளும் வணிகரும் வந்து கூடுவர். பல்லாயிரவர் கூடும் இடம். விலைமதிப்பற்ற முத்துக்கள் கைமாறும் இடம். ஒருவர் மொழி ஒருவர் அறியாத இடம். 1906 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்வ் இளம் சிவில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். அப்பெருங்கூட்டத்தின் ஒழுங்கைக் காத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிவில் அதிகாரிகளும் பொலிஸாருமே. கூடியவர்களுக்கு விதி தெரிந்திருந்தது; பங்கு தெரிந்திருந்தது; வழக்கைச் சொல்லிக்கொள்ள அதிகாரி இருந்தார். இவை மூன்றும் இருந்தமையால் துப்பாக்கி தேவைப்படவில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் கதையும் இக்கரையிலேதான் தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவர்கள் இராமநாதபுரக் கரையிலிருந்து வள்ளங்களில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினர். காடுகளினூடே மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. இரு கரைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் மாத்திரமே. அக்காலத்தில் இக்கடலைக் கடந்து வந்தவனை அரசு உழைப்பாளி என்று வரவேற்றது.

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டில் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நிறைவேறின. பாட்டன் வந்த வழியே பேரன் வருவது குற்றமாயிற்று. இரவிலே வள்ளமேறி, அனுமதியின்றிக் கரையிறங்குவோர் 'கள்ளத்தோணி' எனப்பட்டனர். காலப்போக்கில் அச்சொல் கடல் கடந்து வந்தவனை மாத்திரமன்றி, இந்நாட்டிலே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளியையும் சுட்டும் இழிசொல்லாகப் பரவிற்று.

தன் எல்லையைக் காப்பது எந்த அரசுக்கும் உரிமை, கடமையுமாகும். ஆயின் அதனை யாரைக்கொண்டு காப்பது என்பதே கேள்வி. இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10 ஆம் நாளிலும், கடற்படை 1950 டிசம்பர் 9 ஆம் நாளிலும் தோன்றின. இராணுவம் தோன்றி மூன்றாண்டு முடியுமுன்னரே, 1952 இல், 'மொண்டி நடவடிக்கை' என்ற பெயருடன் அதன் வீரர்கள் இந்தியாவிலிருந்து வரும் சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். கடற்படையின் ரோந்துக்கும் பொலிஸாரின் வேலைக்கும் துணைபுரிவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. 1963 இல் அந்நடவடிக்கை விரிவாக்கப்பட்டுச் சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புச் செயலணி எனப் புதுப்பெயர் பெற்றது. 1981 இலேதான் அது கலைக்கப்பட்டது. போர் எதுவும் இல்லாத காலத்தில், சிறியதொரு துணைப்பணிக்காக வந்த படை 29 ஆண்டுகள் அப்பணியிலே நின்றது.

மன்னார்க் கரையின் இயல்பை அறிந்தவர்க்கு இப்பணியின் இடர் விளங்கும். பேசாலை, தலைமன்னார், வங்காலை முதலிய ஊர்களில் வாழும் மீனவர்க்கும் எதிர்க்கரை மீனவர்க்கும் மொழி ஒன்று, தொழில் ஒன்று, உடையும் உணவும் ஒன்று. பலருக்கு இரு கரையிலும் உறவினர் உண்டு. பருவகாலத்திலே நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களிலிருந்தும் மீனவர் வந்து வாடியமைத்துத் தங்குவர். இத்தகைய கரையில், விடியற்காலையில் மணலில் நிற்கும் மனிதன் ஊரவனா, விருந்தினனா, சட்டத்தை மீறி வந்தவனா என்பதை முகத்தைக்கொண்டு அறிதல் இயலாது. பேச்சைக்கொண்டு அறிதலும் இயலாது. கிராமசேவகரைக் கேட்க வேண்டும். பிறப்புப் பதிவைப் பார்க்க வேண்டும். அயலவர் சான்றைப் பெற வேண்டும். குடியுரிமை என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. விசாரணையால் நிறுவப்படும் உண்மை. விசாரணை படைவீரனுக்குப் பயிற்றப்பட்ட தொழிலன்று.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராயிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் 1974 இல் உடன்பாடு காணப்பட்டது. தோட்டங்களிலே பிறந்த பல குடும்பங்கள் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து, தாம் காணாத தாயகத்தை நோக்கிக் கப்பலேறின. இரவிலே ஒருவன் வருவதைத் தடுக்கப் படை காவல் நின்ற அதே கரையிலிருந்து பகலிலே ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டுச் சென்றனர். துப்பாக்கியின் காவல் தீர்க்க இயலாத சிக்கலைப் பேச்சுவார்த்தையும் சட்டமும், குறைபாடுகள் பலவற்றுடனேனும், தீர்க்க முயன்றன என்பதை இது காட்டுகின்றது.

மன்னார்க் கரையில் இவை நிகழ்ந்துகொண்டிருக்க, நாட்டின் ஏனைய பகுதிகளிலும் படை அடிக்கடி அழைக்கப்பட்டது. 1953 ஆகஸ்ட் ஹர்த்தாலின்போதும், 1956 கல்லோயாக் கலவரத்தின்போதும் பொலிஸாருக்குத் துணையாக அது வந்தது. 1958 மே 27 ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டபோது, கலவரத்தை அடக்குவதிலும் அகதிகளைக் காப்பதிலும் படையினர் ஆற்றிய பணி பெரிது. படையை உள்நாட்டில் ஒருபோதும் அழைக்கலாகாது என்று எவரும் வாதிப்பாராயின், அவ்வாண்டில் உயிர் தப்பியோரே அதற்கு மறுமொழி சொல்வர்.

அடுத்த ஆண்டில், 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் வந்தது. படையை அழைக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் 12 ஆம் பிரிவில் அமைந்துள்ளது. அதன் சொற்களுள்ளே நான்கு வேலிகள் இருக்கின்றன. முதலாவது, நிலைமையைச் சமாளிக்கப் பொலிஸார் போதார் என்ற கருத்து நாட்டின் தலைமைக்கு ஏற்பட வேண்டும். இரண்டாவது, எப்பகுதிக்கு என்பதைக் குறித்து வர்த்தமானியிற் கட்டளை வெளியிட வேண்டும். மூன்றாவது, அக்கட்டளை ஒரு மாதத்திற்கே செல்லும்; மேலும் வேண்டுமாயின் புதிதாக ஆராய்ந்து புதுக்கட்டளை இட வேண்டும். நான்காவது மிக நுட்பமானது: அழைக்கப்பட்ட படையினருக்குத் தேடும் அதிகாரமும் கைதுசெய்யும் அதிகாரமும் உண்டு, ஆயின் குற்றத்தைப் புலனாய்வு செய்யும் அதிகாரம் இல்லை. பிடிப்பது வரை படை. உண்மையை அறிவது பொலிஸும் நீதிமன்றமும். மன்னார்க் கடற்கரையிலே மணலில் நின்ற மனிதனின் சிக்கலுக்கு உரிய விடையும் இந்நான்காவது வேலியில் இருந்தது.

வேலி இருப்பது ஒன்று. அதனைப் பேணுவது வேறொன்று. 1961 பெப்ரவரி 20 ஆம் நாள் திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். மன்னார் உட்பட வடக்கு கிழக்கு மாவட்டங்களுக்கு அது பரவியது. கச்சேரி வாயிலில் அமர்ந்திருந்தோர் கையில் ஆயுதம் இல்லை. ஏப்ரல் 17 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று, இராணுவம் அனுப்பப்பட்டது, தலைவர்கள் கைதாகிப் பனாகொட இராணுவ முகாமில் வைக்கப்பட்டனர். சத்தியாக்கிரகம் அன்றோடு முடிந்தது. அது எழுப்பிய மொழியுரிமைக் கேள்வி முடியவில்லை. அரசியல் வழக்கொன்றைப் படையிடம் கொடுத்தால் படை அதற்குத் தரக்கூடியது மௌனம் ஒன்றே. அந்த மௌனம் தீர்ப்பாகாது.

படையைக் குடிமக்களின் வழக்குகளில் அடிக்கடி ஈடுபடுத்துவதால் குடிமக்களுக்கு மாத்திரமன்றி அரசுக்கும் இடர் உண்டு. 1962 சனவரி 27 ஆம் நாள் இராணுவத்தையும் பொலிஸையும் சேர்ந்த உயரதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றத் தீட்டிய சதி வெளிப்பட்டது. நாட்டின் உள் ஒழுங்கைக் காப்பவர் தாமே என்னும் எண்ணம் வாளேந்தியவர் மனத்தில் ஊன்றிவிட்டால், அரசைத் திருத்துபவரும் தாமே என்னும் எண்ணம் அதனை அடுத்து வருவதற்கு நெடுநாட் செல்லாது.

எல்லையை மீறிய படைவீரனை நீதிமன்றம் தண்டித்ததும் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் ஓர் இளம்பெண் படையினரின் காவலில் இருந்தபோது சுடப்பட்டு உயிரிழந்தார். அதற்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். மேலதிகாரியின் ஆணை என்ற விளக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை. வெளிப்படையாகவே சட்டவிரோதமான ஆணைக்குக் கீழ்ப்படிதல் குற்றத்தினின்றும் விடுவிக்காது என்பது 1973 இல் அவ்வழக்கின் மேன்முறையீட்டில் உறுதியாயிற்று. சீருடை அணிந்தவனும் சட்டத்தின் முன் குடிமகனே என்ற கொள்கைக்கு இலங்கை நீதிமன்றம் அளித்த சான்று அது. தென்னிலங்கையில் ஒரு சிங்களப் பெண்ணின் மரணத்தில் எழுந்த அத்தீர்ப்பு, வடக்கிலுள்ள தமிழனுக்கும் உரிய பாதுகாப்பாகும்.

ஆயின் அதன் பின் வந்த ஆண்டுகளில் வேலிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983 யூன் மாதத்தில், மரண விசாரணையின்றியே உடலைப் புதைக்கவோ எரிக்கவோ இடமளிக்கும் அவசரகால விதி வந்தது. ஒருவர் எவ்வாறு இறந்தார் என்று நீதவான் கேட்கும் கேள்விதான் ஆயுதமேந்தியவன் கையைத் தடுத்து நிறுத்தும் கடைசி வேலி. அவ்வேலி அகற்றப்பட்டு ஒன்றரை ஆண்டு கழிந்தது. 1984 டிசம்பர் 4 ஆம் நாள் மன்னார்ப் பகுதியிற் படையினரின் வாகனம் கண்ணிவெடியில் சிக்கிற்று. அதன் பின் முருங்கன் வீதியிலும் அயலிலும் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்டனர். வீதியிற் சென்ற பிரயாணிகளும், முருங்கன் அஞ்சலகத்தில் கடமையிலிருந்தோரும் அவர்களுள் அடங்குவர். கடிதம் பிரிப்பவனுக்கும் கண்ணிவெடி வைத்தவனுக்கும் வேறுபாடு காணும் வேலை புலனாய்வின் வேலை. அவ்வேலைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அரசின் படை மாத்திரமே இவ்வாறு செய்தது என்பது உண்மையாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் சில நாட்களுள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய மன்னார்த் தீவின் பழம்பெரும் ஊர்கள் ஆளின்றிப் போயின. அங்கு ஆணையிட்டவனைக் கேட்பதற்கு நீதவானும் இல்லை, வர்த்தமானியும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. சட்டத்தின் எல்லைக்குள் நில்லாத வாள் எவர் கையிலிருப்பினும் அதன் கூர்மை ஒன்றே என்பதை மன்னார் இருமுறை கற்றது.

2009 மே மாதத்திற் போர் முடிந்தது. 2011 ஆகஸ்டில் அவசரகால நிலையும் முடிந்தது. ஆயினும் அதன் பின்னரும் சில ஆண்டுகள், மேற்கூறிய 12 ஆம் பிரிவின் கீழ் மாதந்தோறும் கட்டளை வெளியிடப்பட்டு, மன்னார் உட்பட எல்லா மாவட்டங்களுக்கும் படை அழைக்கப்பட்டு வந்தது. ஒரு மாதம் என்ற வேலியின் நோக்கம் மாதத்துக்கு ஒருமுறை சிந்திக்க வேண்டும் என்பதே. சிந்தனை வழக்கமாகிவிட்டபோது வேலியும் வெறுங்கோடாயிற்று. அதன் விளைவு வடக்கோடு நிற்கவில்லை. 2013 ஆகஸ்ட் 1 ஆம் நாள், கம்பகா மாவட்டத்து வெலிவேரியவில், குடிப்பதற்குத் தூய நீர் கேட்டுத் திரண்ட மக்கள்மீது இராணுவத்தினர் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். 2019 நவம்பரிலும் நாட்டின் 25 மாவட்டங்களுக்கும் அத்தகைய கட்டளை ஒன்று வெளியாயிற்று. ஓரினத்தாருக்கு எதிராக எல்லை தளர்த்தப்படும்போது பேசாதிருக்கும் மற்றோரினத்தார், நாளை அத்தளர்ச்சி தம் கிணற்றடிக்கும் வரும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

அயல்நாட்டு அநுபவமும் இங்கு நோக்கத்தக்கது. வடகிழக்கு இந்தியாவில் ஆயுதப்படைகளுக்குச் சிறப்பதிகாரம் வழங்கிய சட்டத்தை இந்திய உயர்நீதிமன்றம் 1997 இல் ஆராய்ந்தது. சட்டம் செல்லும் என அது தீர்ப்பளித்தது. எனினும் படை சிவில் அதிகாரத்திற்குத் துணையாகவே வரலாம், அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளலாகாது என்று வரையறுத்தது. கைதானவரைத் தாமதமின்றிப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் எனவும், படை நிற்கும் தேவையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் எனவும் வலியுறுத்தியது. துணை வேறு, மாற்று வேறு என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி.

மன்னார்க் கடலில் இன்று அவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காணலாம். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகளால் இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லை வரையப்பட்டது. அதனைக் கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகளால் மன்னார் மீனவரின் வலைகளும் வாழ்வும் சிதைகின்றன. எதிர்க்கரை மீனவரோ பிடிபட்டுப் பல நாள் சிறையிருக்கின்றனர். எல்லை தாண்டியவரைப் பிடிப்பது பெரும்பாலும் கடற்படையே. ஆனால் பிடிபட்டோர் கடற்றொழில் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, மன்னார் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படும்போது, வாளின் பணி முடிந்து கோலின் பணி தொடங்குகின்றது. கடலிலே எவரேனும் அடிபட்டதாகவோ உயிர் இழந்ததாகவோ செய்தி வரும்போது இரு கரையும் கொதிப்பதற்குக் காரணம், அப்பணி தொடங்குமுன்னரே தண்டனை நிகழ்ந்துவிட்டது என்ற உணர்வேயாகும். போர்க்கப்பல் வேறு, காவற்கப்பல் வேறு என்பதை உணர்ந்தே இந்தியா 1978 இலும் இலங்கை 2009 இலும் கரையோரக் காவற்படையைத் தனிச்சட்டத்தால் அமைத்தன. அப்பணி முழுவதும் அதற்கென்றே பயின்றவர் கைக்கு வருமாயின் இரு கரை மீனவர்க்கும் நன்மை உண்டு.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்கினால், படை உள்நாட்டிற்கு அழைக்கப்படும் ஒவ்வொரு வேளையிலும் குடிமகன் ஒருவன் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. அழைத்தவர் யார்? எப்பணிக்காக அழைத்தார்? எந்நாள் வரை? பிடிபட்டவர் எவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றார்? பிழை நேர்ந்தால் விசாரிப்பவர் யார்? 1958 இல் இவற்றுட் பலவற்றிற்கு விடை இருந்தது. படை மக்களைக் காத்தது. 1952 இல் மன்னார்க் கரைக்கு வந்தபோது 'எந்நாள் வரை' என்பதற்கு விடை இல்லை. 29 ஆண்டு கழிந்தது. 1984 இல் 'விசாரிப்பவர் யார்' என்பதற்கும் விடை இல்லை. முருங்கன் வீதி அதன் விலையைச் செலுத்திற்று.

இக்கேள்விகளைக் கேட்பதற்குச் சட்டக்கல்வி வேண்டுவதில்லை. பேசாலை மீனவனும், முருங்கன் உழவனும், எருக்கலம்பிட்டி வணிகனும், வெலிவேரியக் குடியானவனும் கேட்கலாம். கேட்பவர் பலராயிருக்கும் நாட்டிலே வேலிகள் தாமாகவே உறுதியாக நிற்கும். மன்னார்க் கோட்டையின் கொத்தளங்கள் இன்று பீரங்கியின்றி வெறுமையாய் நிற்கின்றன. அவற்றிலிருந்து கடலையும் பார்க்கலாம், ஊரையும் பார்க்கலாம். ஊரைப் பார்க்கும் பக்கத்தில் இனி ஒருபோதும் பீரங்கி ஏறாதிருக்கச் செய்வது, கோட்டையைக் கட்டியவர் கையில் இல்லை. ஊரில் வாழ்பவர் கையிலேயே உள்ளது.